கடைமடைச் சக்கரம்

ஈயத்தை உருக்கி
ரேடியேட்டரின் மேல்தொட்டியை தஸ்தகீர் கழற்றியபோது
உள்ளே ஒரு டெல்டா இருந்தது.

பொய்யில்லை.
குழாய் வாய்களில் விசிறியாய் விரிந்து,
இடையிடையே ஓடைத் தடம் விட்டு,
காய்ந்த இடத்தில் பாளம் பாளமாய் வெடித்து.
அறுபத்தாறாம் வருஷத்து ஃபியட்.
சூடேறிய போதெல்லாம்
பாமணியிலோ கோரையாற்றிலோ
மொண்டு ஊற்றியிருக்கிறார்கள்
எனக்கு முன் ஓட்டிய நாலு பேரும்.
விரலில் எடுத்துத் தேய்த்தேன்.
வண்டல். முதல் தரம்.
ஒரு போகம் உளுந்து போடலாம் என்றார் தஸ்தகீர்.

நான் பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளர்.
ஏப்ரல், மே முழுக்க
வாய்க்கால் கரையில் வெயிலில் நின்று
தூர்வாரியதை அளந்து
எம் புக்கில் எழுதுகிறவள்.
கை சும்மா இருக்கவில்லை:
குழாய்கள் நாற்பத்தெட்டு. அடைபட்டவை முப்பத்தொன்று.
அகற்றிய மண் இருநூற்றுப் பத்து கிராம்.
ஒப்பந்தக்காரர் மேல் புகார் இல்லை.

பெயின்ட்டைத் தொடவேண்டாம் என்றேன்.
கரும்பு லாரி கீறிய இடது கதவு அப்படியே இருக்கட்டும்.
யாரோ ஃபேன் மாட்ட டேஷ்போர்டில் போட்ட
மூன்று ஓட்டைகளும் இருக்கட்டும்.
ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு.
பெட்ரோல் குழாய் புதுசு.
ஹெட்லைட்டுக்கு ரிலே.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்
வெளியே தெரியாமல் ஓர் எலெக்ட்ரானிக் சில்லு;
பழைய பிளாட்டினம் தீப்பெட்டிக்குள் தூங்குகிறது,
சில்லு வழியில் செத்தால் எழுப்பிக்கொள்ளலாம்.
ஊரை மாற்றாதே, மதகை மட்டும் மாற்று.

புதுக் கார் வேண்டாம் எனக்கு.
ஜெய்சல்மேர் போய் வரவேண்டும்.
போக வர ஐயாயிரம் கிலோமீட்டர்.
இருபத்திரண்டு வருஷமாய்
முறை வைத்துத் தண்ணீர் விட்டவளுக்கு
ஆறே இல்லாத ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை.
அங்கே யாரும் ஜீப்பை மறித்து
எங்க வயலுக்கு எப்பம்மா என்று கேட்கமாட்டார்கள்.
லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.
கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து.

பிரேக்கில் காற்று எடுத்த ராத்திரி
பக்கத்து வீட்டு வேம்பு ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தாள்.
நான் அடியில், டார்ச்சும் ஸ்பேனரும்
ஹார்லிக்ஸ் பாட்டிலுமாய்.
மிதி.
பிடி.
விடு.
மாஸ்டர் சிலிண்டர் மேட்டூர் என்றால்
பின் இடது சக்கரம் கோடியக்கரை.
குமிழ். குமிழ். நுரை.
மிதி. பிடி.
இன்னும் ஒரு குமிழ், பட்டாணி அளவு.
"வந்துடுச்சா?" என்றாள் மேலிருந்து.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
ஜூலை ஜூலையாய் தலைஞாயிறு பக்கமிருந்து
போனில் கேட்கிற குரல்.
வந்துட்டே இருக்குங்க, நாளைக்கு வந்துடும்,
ஷட்டர் திறந்தாச்சுங்க என்பேன்.

டார்ச் வெளிச்சத்தில்
குமிழே இல்லாத ஒரு நூல் இறங்கியது.
"வந்துடுச்சு" என்றேன்.
இன்னொரு தடவையும் சொன்னேன்,
அவள் கேட்காமலே.

மலை இல்லாத ஊரில் வண்டியை எதில் சோதிப்பது?
வெண்ணாற்றுப் பாலம்
மூச்சு வாங்குமுன் இறங்கிவிடுகிறது.
நல்லவேளை, நீடாமங்கலம் ரயில்வே கேட் இருக்கிறது.
பகல் இரண்டரை மணி.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்
போவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
முன்னால் வைக்கோல் டிராக்டர், பின்னால் கும்பகோணம் பஸ்.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் குனிந்து,
"ஆஃப் பண்ணுங்கம்மா, பெட்ரோல் வீணாகுது" என்றார்.
மாட்டேன் என்று தலையாட்டினேன்.
முள்ளையே பார்த்தேன்.
பாதியைத் தாண்டியது.
முக்காலுக்கு வந்தது.
அங்கேயே நின்றது,
அளவுகோலில் ஆற்று மட்டம் நிற்பதுபோல்.
இருபத்தாறு நிமிஷம்.
இரண்டு பிஞ்சு வாங்கித் தின்றேன்.

கேட் தூக்கினார்கள்.
இரண்டு பக்கமும் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.
நானும் அழுத்தினேன்.
சத்தமே இல்லை.

அதைப் பட்டியலில் எழுதவே இல்லை.